முதல் ஞாயிறு யாருக்கு?

கட்கி
9 ஜூன் 2024

ஆண்டவருக்குள் அன்பான தம்பி தங்கராஜுக்கு,

அக்கா செல்வமேரி எழுதுதேன். நீயும் ஷீலாவும் சுகமா இருக்கீங்களா? உனக்கு முழங்கால் வலின்னு கேள்விப்பட்டேன். மழை ஆரம்பிச்சாச்சு, பைக்கை எடுத்துக்கிட்டுச் சுத்தாத. இங்க நாங்க சுகந்தான். உங்க அத்தானுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது, வேற ஒண்ணும் இல்ல.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு என்ன திடீர்னு காயிதம்னு பாக்கிறியா? உங்க தேஹு ரோடு சபை எங்க கட்கி சபையை விட்டுப் பிரிஞ்ச அன்னைக்கு, கமிட்டியில எழுந்து நின்னு, 'இனி அத்தான்கூடயும் அக்காகூடயும் எனக்குப் பேச்சே கிடையாது'ன்னு நீதான சொன்ன? பேச்சு கிடையாதுன்னுதான் சொன்ன. எழுத்து கிடையாதுன்னு சொல்லல. அதனால எழுதுதேன். பதில் எழுதினா உன் வீறாப்பு ஒண்ணும் குறைஞ்சு போகாது.

விஷயம் இதுதான். பூனாவுல தமிழ் தெரிஞ்ச போதகர் கிடைக்கிறது குதிரைக்கொம்பா போச்சு. பேராயர் ரெண்டு சபைக்குமா ஒரே ஆளை, ஜெபகுமார் ஐயரை, அனுப்பிட்டாவ. பக்கத்துப் பக்கத்துச் சபை ரெண்டும் இனி முறுக்கிக்கிட்டு நிக்காம ஒண்ணுக்கொண்ணு கைகொடுக்கணும், எப்படின்னு நீங்களே பேசி ஒப்பந்தம் எழுதிக்கிடுங்கன்னு உத்தரவு. எங்க கமிட்டியில எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்காவ. தேஹு ரோடு செயலாளர் உன் தம்பிதான, நீயே கேளும்மான்னு.

கேக்க வேண்டியது ஒண்ணுதான். நற்கருணைக்கு முதல் ஞாயிறு எங்களுக்கு வேணும். எங்க தூய பர்னபா கோயில்ல வெள்ளைக்காரன் காலத்துல இருந்து முதல் ஞாயிறுதான். நீங்க ரெண்டாம் ஞாயிறு வச்சுக்கிடுங்க. யோசிச்சு எழுது.

ஐயர் பையில போட்டு அனுப்புதேன். நல்ல மனுஷன், பிரிச்சுப் பாக்கமாட்டாவ.

உனக்காக ஜெபிக்கிற அக்கா,
செல்வமேரி

*

தேஹு ரோடு
22 ஜூன் 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

தங்கராஜ் எழுதுவது. நாங்க ரெண்டு பேரும் ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கோம். முழங்கால் பரவாயில்ல. அத்தானுக்கு மூச்சு வாங்குதா? அந்தக் காலத்துல கமிட்டியில போட்ட கூப்பாட்டுக்கு இப்பதான் வாங்குது போல. சுகம் விசாரிச்சதா சொல்லு.

பேச்சு வேற எழுத்து வேறன்னு கண்டுபிடிச்சியே, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

அக்கா, முதல் ஞாயிறு கேக்கிற. ஐயர் எங்க தங்கியிருக்காவ? எங்க தூய தீத்து கோயில் காம்பவுண்டுல, நாங்க செங்கல் சுமந்து கட்டின வீட்டுல. உங்க ஐயர் பங்களா ஓடு ஒழுகி உக்காந்து போச்சு. அது ஒண்ணு.

இன்னொண்ணு, உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல. நாங்க உங்க கிளைச் சபையா இருந்தப்ப எங்களுக்கு எப்ப நற்கருணை? மாசத்துல அஞ்சாம் ஞாயிறு வந்தா. வராத மாசம் பட்டினி. அத்தான்தான் அப்ப கட்கி செயலாளர். 'உங்களுக்கு எதுக்கு அவசரம், வேணும்னா ரயில் ஏறிக் கட்கிக்கு வாங்க'ன்னாவ. நடக்கமுடியாத கிழடுகட்டையெல்லாம் ரயில் ஏறிச்சா? வாங்காமலே செத்தவங்க எத்தனை பேர். அன்னைக்கு எவனாவது எங்களுக்காக வாயைத் திறந்தீங்களா?

இப்ப எங்க முறை. முதல் ஞாயிறு முழுநாளும் ஐயர் தேஹு ரோட்டுலதான். ரெண்டாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும் உங்களுக்கு. பேராயர் ஆபீசுக்கும் எழுதியாச்சு. கோவிச்சுக்காத. இது சபை விஷயம், உன்கிட்ட எனக்கு ஒண்ணும் இல்ல.

ஷீலாவும் உன்னைக் கேட்டதா எழுதச் சொன்னா.

தம்பி,
தங்கராஜ்

*

கட்கி
14 ஜூலை 2024

அன்பான தம்பிக்கு,

உன் காயிதம் வந்து சேர்ந்தது. ஷீலாவுக்கு என் முத்தம். நீங்க ரெண்டு பேரும் மழையில நனையாம, காய்ச்சல் கீய்ச்சல் வராம இருங்க.

நீ எழுதினது பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். அத்தான்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். 'அவன் சொல்லுறது சரிதான்'னாவ. அவுக வாயில இருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. ஆனா சொல்லிட்டு என்ன செஞ்சாவன்னு கேளு.

போன ஞாயிறு முதல் ஞாயிறா, காலையிலயே முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டில்ல உக்காந்துட்டாவ. இப்ப மாடிப்படி இறங்குறதில்ல, அதனால கோயில் வீட்டுக்கு வரணும். 'இன்னைக்கு நமக்கு நற்கருணை இல்ல, உபதேசியார் ஜெபம் மட்டுந்தான்'னு சொன்னா காதுல ஏறல. வெறும் வயித்துலதான வாங்கணும்னு பச்சைத்தண்ணி தொடாம சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்தாவ. இன்னைக்கு ரெண்டாம் ஞாயிறு. ஐயரே மாடி ஏறி அப்பத்தைக் கொண்டுவந்தாவ. இவுக முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, 'தேஹு ரோடு தின்ன மிச்ச ஞாயிறு எனக்கு வேண்டாம்'னாவ. ஐயர் பாவம், முழிக்காவ. எனக்கு வந்த கோவத்துல ரெண்டு பேருக்கும் சேத்து நானே அழுதேன்.

நடுவுல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். நெஞ்சுல நீர்னு எடுத்தாவ. வீட்டுல ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கோம், அதுபாட்டுக்கு உறுமிக்கிட்டுக் கிடக்கு. மகன் ரஞ்சன்காவ் கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூங்கமுடியலங்கான்.

நீ மனசு வச்சா முதல் ஞாயிறை மாத்தலாம். வேற என்ன எழுத.

அக்கா,
செல்வமேரி

*

தேஹு ரோடு
27 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். அங்க உன் சுகம், அத்தான் சுகம் எழுது. மகனையும் விசாரி. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராதது நல்லதாப் போச்சு, நாம அடிச்சுக்கிடுறது அவனுக்குத் தெரியாது.

மெஷின் மெஷின்னு எழுதியிருக்க, என்ன மெஷின், வாஷிங் மெஷினா? வாடகைக்கெல்லாம் எடுக்காத, சொந்தமா வாங்கிப் போடச் சொல்லு.

அத்தான் நான் சொன்னது சரின்னாவளா? அதை எழுத்துல வாங்கி அனுப்பு, பிரேம் போட்டு மாட்டுதேன்.

அவுக வீம்பு நமக்குத் தெரியாததா. நெஞ்சுல நீர்னா என்ன, எடுத்தாச்சுல்லா? அந்த உடம்பு இரும்பு. ஒண்ணு செய்யுதேன். எந்த வெள்ளிக்கிழமை வேணும்னு சொல்லு, ஐயரை அனுப்புதேன். வீட்டுல வச்சு வாங்கிக்கிடட்டும். அதுக்கு மேல என்கிட்டக் கேக்காத. முதல் ஞாயிறை விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா எங்க சபையில என்னைத் தோலை உரிச்சிருவானுக.

உடம்பைப் பாத்துக்க.

தம்பி,
தங்கராஜ்

*

கட்கி
13 அக்டோபர் 2024

அன்பான தம்பி தங்கராஜுக்கு,

நீங்க எல்லாரும் நலமா இருக்க வேண்டிக்கிடுதேன். ரொம்ப நாளா எழுதல. வீட்டுல வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமை யோசனையை அத்தான்கிட்டச் சொன்னேன். 'சபை சேராத நாள்ல தனியா வாங்குறதுக்குப் பேரு நற்கருணையா, ஊசி போடுறதா?'ன்னாவ.

இப்ப நான் கமிட்டி சார்பாத்தான் எழுதுதேன்னு வச்சுக்க. ஒப்பந்தத்துல நீ என்ன வேணா எழுது. முதல் ஞாயிறு உங்களுக்கேன்னு எழுது. நான் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கித் தாறேன். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. வாற நவம்பர் முதல் ஞாயிறு உங்க ஆராதனை முடிஞ்சதும் ஐயரை இங்க விடு. உங்க பந்தியில மீந்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் அப்படியே கொண்டுவரட்டும். அத்தான் வாங்குவாவ. அவுகளே சொன்னதுதான் இது. 'தங்கராஜ் முழங்கால் போட்ட பந்தியில இருந்து வரட்டும், வாங்குதேன்'னாவ. போன ஞாயிறும் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாவ.

டிசம்பர் வேண்டாம், நவம்பர்லயே விடு. இதுக்கு மேல எழுதக்கூடாது.

அக்கா,
செல்வமேரி

*

தேஹு ரோடு
26 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்க நலமும் ஆண்டவர் காக்கட்டும்.

உங்க கமிட்டி மூளையை மெச்சணும் அக்கா. ஆராதனை முடிஞ்சு ஐயரை விடுன்னு முதல்ல கேப்பீங்க. அடுத்த மாசம் ஆராதனைக்கு முன்னாலயே விடும்பீங்க. அதுக்கடுத்த மாசம் முதல் ஞாயிறு கட்கிக்குப் போயிருக்கும். இப்படித்தான அந்தக் காலத்துல இரவல் கேட்டு வாங்கி எங்க ஆர்மோனியமும் போச்சு. கமிட்டி சார்பான்னு நீயே எழுதிட்ட, அதனால கமிட்டிக்குப் பதில் எழுதுதேன். முடியாது.

அதுவும் நவம்பர் முதல் ஞாயிறு எங்க ஸ்தோத்திரப் பண்டிகை. ஆராதனை, அசனச் சாப்பாடு, பிறகு காணிக்கைப் பொருள் ஏலம். ஐயர் பக்கத்துல நின்னாத்தான் பூசணிக்காய்க்கே விலை ஏறும். அன்னைக்கு அவுக காம்பவுண்டைத் தாண்டமுடியாது.

ஷீலா என்னமோ அத்தானுக்கு ரொம்ப முடியலன்னு யாரோ சொன்னதாச் சொல்லுதா. ஐயரும் ஒருநாள் ஆரம்பிச்சாவ. அவுகளை நீ காப்பியும் முறுக்கும் குடுத்து உங்க ஆளா ஆக்கிட்ட. அப்படி ஏதும் இருந்தா நீ எழுதியிருப்ப. என் அக்கா என்கிட்ட மறைக்கிறவ இல்ல. அதனால நான் நம்பல.

டிசம்பர்ல பாப்போம்.

தம்பி,
தங்கராஜ்

*

தேஹு ரோடு
9 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கன்னு கேக்கக் கை வரமாட்டேங்குது. ஆண்டவர் உன்னைத் தேற்றணும். சாப்பிடு. மாத்திரையை விட்டுறாத.

அத்தான் இப்படி ஒரே நாள்ல போவாவன்னு நான் கனவுலயும் நினைக்கல. அன்னைக்கு ஏலச் சத்தத்துல தகவல் நேரத்துக்கு வந்து சேரல. வந்த உடனே என் பைக்கைக் குடுத்துத்தான் ஐயரை அனுப்பினேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நாம என்ன செய்யமுடியும்.

அடக்கத்தன்னைக்கு வாசல்ல நின்னு அக்கான்னு கூப்பிட்டேன். பேசமாட்டேன்னு சொன்னதையெல்லாம் தூக்கி எறிஞ்சிட்டுத்தான் கூப்பிட்டேன். கூட்டத்துல உனக்குக் கேட்டிருக்காது. கல்லறையிலயும் நீ என் பக்கம் திரும்பல. துக்கத்துல இருக்கிறவகிட்ட இதையெல்லாம் சொல்லக்கூடாது.

அத்தான் கடைசியா ஏதாவது சொன்னாவளா? சமாதானமா போனாவளா? அதை மட்டும் எழுது.

தம்பி,
தங்கராஜ்

*

தேஹு ரோடு
7 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இருக்குன்னு ஐயர் சொன்னாவ. தேஹு ரோட்டுல ராத்திரி குளிர் தாங்கல, கட்கியிலயும் அப்படித்தான் இருக்கும். கம்பளி எடுத்துப் போர்த்து.

போன முறை ஐயர் அங்க இருந்து வந்ததும் பையைப் பாத்தேன். உன் காயிதம் இல்ல. ஷீலாவைக் கேட்டா அவ அடுப்பைப் பாத்துக்கிட்டு நிக்கா. இப்பல்லாம் வீட்டுல அவளும் என்கிட்டச் சரியாப் பேசுறதில்ல.

உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி. எங்க கமிட்டியில சண்டை போட்டு ஒப்பந்தத்தை மாத்திட்டேன். முதல் ஞாயிறு இனி ஒரு மாசம் உங்களுக்கு, ஒரு மாசம் எங்களுக்கு. உங்க முறையில நாங்க அங்க வருவோம், எங்க முறையில நீங்க இங்க வரணும். நடக்கமுடியாதவங்களை ஏத்திட்டு வர டெம்போ பேசியாச்சு. பாடகர் குழுவும் ஒண்ணு, கல்லறைத் தோட்டமும் பொது. கடைசி வரியை நானே என் கையால எழுதினேன். எந்தச் சபையில யார் வியாதியா கிடந்தாலும், எந்த ஞாயிறானாலும், என்ன பண்டிகையானாலும், கூப்பிட்ட உடனே ஐயரை அனுப்பணும்னு.

ஒருத்தன் கேட்டான், 'அண்ணே, கட்கிக்காரனுக்கு இவ்வளவு ஏன் இறங்கிப் போறீங்க'ன்னு. அவனை அடிக்கக் கை ஓங்கிட்டேன்.

உன் கையெழுத்து வேணும். ஒரு பதில் போடு.

தம்பி,
தங்கராஜ்

*

தேஹு ரோடு
11 ஜனவரி 2025

அக்கா,

கிறிஸ்மஸுக்கு ஷீலா குடுத்துவிட்ட பலகாரம் அப்படியே திரும்பி வந்துச்சு. உடம்புக்கு முடியலையா?

பிப்ரவரி ரெண்டாம் தேதி முதல் ஞாயிறு. உங்க பர்னபா கோயில்ல கூட்டு ஆராதனைன்னு முடிவாயிருச்சு. ஒப்பந்தத்தையும் அன்னைக்கே பலிபீடத்துல வச்சு ஜெபிக்கிறோம். நீயும் நானும் சேர்ந்து முதல் ஆளாப் பந்திக்குப் போகணும்னு ஐயர்கிட்டக் கேட்டிருக்கேன். அத்தான் ஆசைப்பட்டதும் அதுதான.

எனக்குத் தூக்கமே வரல அக்கா. அத்தான் சமாதானமா போனாவன்னு ஒரு வரி எழுது. இல்லன்னா திட்டியாவது எழுது.

தங்கராஜ்

*

கட்கி
26 ஜனவரி 2025

தம்பி தங்கராஜுக்கு,

உன் காயிதம் மூணும் வந்தது. மூணையும் வாசிச்சேன். ஒண்ணும் எழுதாம இருந்துறலாம்னுதான் இருந்தேன். நீ திரும்பத் திரும்ப அதையே கேக்கிற. சரி, தெரிஞ்சுக்க.

ஆஸ்பத்திரியில செப்டம்பர்லயே கையை விரிச்சிட்டாவ. வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாவ. உனக்கு எழுதணும்னு உக்காந்தா அத்தான் விடல. 'என் உடம்பைப் பத்தி அவனுக்கு ஒரு வார்த்தை எழுதக்கூடாது மேரி. சாகப்போறவன்னு இரக்கப்பட்டு அனுப்பக்கூடாது. அவனா மனசுவந்து அனுப்பணும்'னாவ. நானும் சரின்னேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அந்தப் பக்கம் உன் வீம்பு, இந்தப் பக்கம் இவுக வீம்பு, நடுவுல நான் கமிட்டி சார்பா காயிதம் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்குக் காலையிலயே மூச்சு இழுக்க ஆரம்பிச்சிட்டு. கூப்பிட்டா வந்திருவாவன்னு ஐயருக்குப் போன் அடிச்சேன். ஷீலாதான் எடுத்தா. பண்டிகை முடியட்டும்னு ஐயர் போனை அவகிட்டக் குடுத்து வச்சிருந்திருக்காவ. அழுதுகிட்டே சொன்னேன். 'மைனி, உங்க தம்பிகிட்ட இப்பவே சொல்லுதேன், இதோ அனுப்புதோம்'னா. வந்து உன்கிட்டச் சொல்லியும் இருக்கா. ஐயர்கிட்ட ஒண்ணும் சொல்லாத, இது கட்கிக்காரன் நாடகம், ஏலம் முடியட்டும்னு சொல்லிட்டு, நீ சேவலுக்கு விலை கேட்டுக்கிட்டு நின்னிருக்க. ஷீலாவை வையாத. அடக்கத்தன்னைக்குச் சமையக்கட்டுல என் காலைப் பிடிச்சுக்கிட்டு அவதான் சொன்னா. அதுக்குப் பிறகுதான் நீ வாசல்ல நின்னு அக்கான்னு கூப்பிட்ட. எனக்கு நல்லாவே கேட்டது.

அன்னைக்கு ஷீலா போன்ல சொன்னதை அத்தான்கிட்டச் சொன்னதும் முகமே தெளிஞ்சிட்டு. சட்டையை எடுன்னாவ. கையைத் தூக்கமுடியல. முதுகுப் பக்கம் கத்தரியால வெட்டிவிட்டுத்தான் போட்டேன். தொண்டை காய்ஞ்சு கிடக்கு, தண்ணி குடுத்தா வேண்டாமாம், ஐயர் வந்துருவாவளாம், வெறும் வயித்துல இருக்கணுமாம். தெருவுல பைக் சத்தம் கேக்கும்போதெல்லாம் கண்ணைத் திறந்து பாத்தாவ. எங்க தெருவுல பைக்குக்கா பஞ்சம்.

மத்தியானமும் தாண்டிட்டு. நீ அனுப்பமாட்டன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டப்பாவுல காலையில வாங்கின பாவ் ரொட்டி இருந்தது. திராட்சரசத்துக்கு எங்க போக, பிரிட்ஜில செக்கச்செவேல்னு கோகம் பழச் சர்பத் இருந்தது, அதைத் தம்ளர்ல ஊத்தினேன். ரொட்டியைப் பிச்சு, ஐயர் சொல்லுற வார்த்தையெல்லாம் நானே சொன்னேன். ஆயுசுக்கும் கேட்ட வார்த்தைதான, தப்பாம வந்தது. தப்போ சரியோ, இந்த மனுஷன் ஏங்கிக்கிட்டுப் போகக்கூடாதுன்னு பிச்ச துண்டை வாய்ப்பக்கம் கொண்டு போனேன்.

உதட்டை இறுக்கி மூடிக்கிட்டாவ. கையால தள்ளிவிட்டாவ. 'பொறு மேரி. ஷீலா சொல்லிட்டால்லா. தங்கராஜ் அனுப்பிருவான்'னாவ.

அவுக பேசினது அதுதான் கடைசி. ஐயர் மாடி ஏறி வந்தப்ப நான் அவுக தாடையைக் கட்டிக்கிட்டு இருந்தேன்.

சமாதானமா போனாவளான்னு கேட்டிய, ஆமா, சமாதானமாத்தான் போனாவ. உன்னை நம்பிக்கிட்டே போனாவ. நம்பாம ரொட்டியை எடுத்தவ நான்தான்.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு ஐயர்கிட்டக் குடுத்திருக்கேன். நல்லா எழுதியிருக்க. இனி ரெண்டு சபையில எந்த வீட்டுலயும் இப்படி ஒருத்தர் காத்துக்கிடக்கக் கூடாது. பிப்ரவரி ரெண்டாம் தேதி நானும் வருவேன். டெம்போவுல வாற உங்க வயசாளிகளைக் கையைப் பிடிச்சு இறக்கி, சோறும் போடுவேன். ஆனா பந்திக்கு என்னைக் கூப்பிடாத. மனசுல ஒருத்தன்மேல பகையை வச்சுக்கிட்டு அங்க முழங்கால் போடக்கூடாதுன்னு நமக்குச் சின்ன வயசுலயே சொல்லிக்கொடுத்திருக்காவ. அவுக மன்னிச்சிட்டாவ. எனக்கு முடியல தங்கராஜ். நீ போய் வாங்கிக்க, நான் பின்னால உக்காந்திருக்கேன்.

செல்வமேரி